நாடி எழுபது

லிங்கராஜபுரம், பெங்களூர்
9 ஜூன் 2002

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி ஜோவிதாவுக்கு அண்ணன் ஆம்ப்ரோஸ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அண்ணி பிரிஜெட்டும் ஆண்டவர் கிருபையில் சுகம். டப்ளின் மழையில் நனைந்து நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா?

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இடது பக்கம், கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் மெஷின் இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து இரண்டு ஒயர் இதயத்துக்குள் போகிறது. போன ஹார்ட் அட்டாக்கில் என் இதயம் பலவீனமாகிவிட்டதாம். திடீரென்று அது தறிகெட்டு ஓடினால் மெஷின் ஷாக் கொடுத்து நிறுத்தும், ரொம்ப மெதுவாகப் போனால் தட்டி ஓட வைக்கும் என்று டாக்டர் வெங்கடசாமி சொன்னார். "அப்போ உள்ளாற ஒரு ரெஃப்ரி குந்திக்கினு இருக்கான்னு சொல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டார். சூசையப்பர் கோப்பை ஃபுட்பால் ஃபைனலுக்குப் பதினெட்டு வருஷம் விசில் ஊதியவனுக்கே ரெஃப்ரி வைத்துவிட்டார்கள், பார்த்தாயா!

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதது தேவையில்லாத அழுகை. ஃபேக்டரி டீமில் பத்து வருஷம் ஃபுல்பேக் ஆடிய உடம்பு இது. நாடி 52 என்று டாக்டர் குறித்திருக்கிறார். அது நல்லதா கெட்டதா என்று ஹார்ட் வார்டு நர்ஸ் நீதான் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்
ஆம்ப்ரோஸ்


டப்ளின்
30 ஜூன் 2002

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஜோவிதாவின் ஸ்தோத்திரம். நான் சுகம். சளி இல்லை, வேலைதான் இருக்கிறது.

போனில் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் நீங்கள் என்னைக் கேலி செய்யவே நேரம் சரியாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுங்கள் என்கிறேன். உங்கள் கடிதத்தை வார்டில் ஃபிலிப்பைன்ஸ் சிஸ்டருக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். ரெஃப்ரி கதைக்கு அவள் கைதட்டினாள்.

52 கொஞ்சம் குறைச்சல்தான். உங்கள் மாத்திரையால் இருக்கலாம், பயம் வேண்டாம். ஆனால் எனக்கென்னவோ மானிட்டரில் எழுபது என்று பார்த்தால்தான் நிம்மதியாக டீ இறங்கும். உங்களுக்கும் எழுபது என்று ஒரு நாள் கேள்விப்பட்டால் இங்கே நான் காலை நீட்டித் தூங்குவேன். இனி ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் நாடி எழுத வேண்டும். இது தங்கச்சி உத்தரவு.

அண்ணி கைக்கு முத்தம்.

ஜோவி


லிங்கராஜபுரம்
4 ஆகஸ்ட் 2002

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு, இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் உத்தரவு கிடைத்தது, நிறைவேற்றியாகிவிட்டது.

முதல் செக்கப்புக்குப் போய் வந்தேன். தருண் என்கிற டெக்னீஷியன் சோப்பு டப்பா மாதிரி ஒன்றை நெஞ்சின் மேல் வைத்தால் போதும், உள்ளே இருக்கிற மெஷின் கம்ப்யூட்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறது. இப்போது நாடி எழுபது! உட்கார்ந்தால் எழுபது, நின்றால் எழுபது. என்னோடு ரிட்டையர் ஆன ரெமிஜியஸ் நம்பவில்லை. மேட்ச் பார்க்கிற ஸ்டாப்வாட்சை எடுத்துவந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். "இன்னாடா இது, வாட்ச் தப்புனாலும் நீ தப்ப மாட்டே போலக்குது" என்றான். கோயில் வாசலில் இப்போது எனக்கு அதுதான் பேர். எழுபது ஆம்ப்ரோஸ்.

காலை நீட்டித் தூங்கு.

ஆம்ப்ரோஸ்
நாடி 70


டப்ளின்
15 செப்டம்பர் 2002

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். நீங்களும் அண்ணியும் நலம்தானே?

எழுபது என்று படித்ததும் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் பெங்களூரில் என் அண்ணனுக்கு எப்பேர்ப்பட்ட வைத்தியம் பாருங்கள் என்று பெருமையாக இருந்தது. 52 எப்படி எழுபது ஆனது என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. டாக்டரே ஏற்றி வைத்தாரா?

மாதா திருநாளன்று போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார்கள். நீங்கள் சிவாஜிநகர் தேர் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின ஞாயிறு குளித்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த முறையாவது குரலைக் காட்டுங்கள்.

ஜோவி


லிங்கராஜபுரம்
17 நவம்பர் 2002

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு, சுகம். பதில் தாமதம், கோபிக்காதே. கோப்பை வேலை தலைக்கு மேல்.

இந்த வருஷம் ஃபைனலுக்கு நான் விசில் ஊதவில்லை. மேட்ச் கமிஷனராகப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ரெமிஜியஸ் ஊதினான். மற்றவனுக்கும் வழிவிட வேண்டும் இல்லையா? அதோடு என் பழைய பூட்ஸ் வேறு சுருங்கிவிட்டது. காலையில் சரியாக இருக்கிறது, சாயங்காலம் கால் நுழைவதில்லை. நம்மூர் தோல் அப்படி!

டெய்லர் கிளெமென்ட்டை ஞாபகம் இருக்கிறதா? கோயிலுக்குப் போகிற வழியில் தினமும் அவன் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போகிறேன். திரும்பும்போதும் அப்படியே. முப்பது வருஷமாகக் கைகாட்டிவிட்டுப் போன ஆள். இப்போதுதான் அவன் எவ்வளவு நல்ல பேச்சுக்காரன் என்று தெரிகிறது.

எப்படி எழுபது ஆனது என்று கேட்டிருந்தாய். ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆம்ப்ரோஸ்
நாடி 70


டப்ளின்
8 டிசம்பர் 2002

அன்புள்ள அண்ணா, அண்ணி, கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

கார்டில் இடம் இல்லை, ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் செய்வேன். தூங்குகிறீர்கள், குளிக்கிறீர்கள் என்று அண்ணி சொல்லாமல் இருந்தால், அதுதான் எனக்குக் கிறிஸ்துமஸ் கேக்.

ஜோவி


லிங்கராஜபுரம்
26 ஜனவரி 2003

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு, நலம். உன் கார்டை ஷோகேஸில் வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று உன் போன் வந்தபோது தூங்கிவிட்டேன். ராத்திரிப் பூசையில் கண் விழித்த களைப்பு. இப்போதெல்லாம் கட்டிலில் படுப்பதில்லை, ஈஸிசேரில்தான் தூக்கம். ஒரே புழுக்கம். சாய்ந்து உட்கார்ந்தால் காற்று நன்றாக வருகிறது.

மற்றபடி விசேஷம் இல்லை.

ஆம்ப்ரோஸ்
நாடி 70


டப்ளின்
23 பிப்ரவரி 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. நீங்கள் நலமாக இல்லை.

ஜனவரி மாதத்தில் பெங்களூரில் புழுக்கமா? எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற ஊரில் என் அண்ணனுக்கு மட்டும் வியர்க்கிறதா? உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் ஈஸிசேர். சாயங்காலம் கால் வீங்குகிறது, அதனால் பூட்ஸ் சுருங்குகிறது. அரை ஃபர்லாங் நடந்தால் மூச்சு வாங்குகிறது, அதனால் கிளெமென்ட் நல்ல பேச்சுக்காரன். ஆறு மாதமாக நீங்கள் போனுக்கு வராதது ஏன் என்றும் புரிந்துவிட்டது. கடிதத்துக்கு மூச்சு வாங்காது, இல்லையா அண்ணா? இதே நோயாளிகளைத்தான் தினமும் பார்க்கிறேன். முழுப் பூசணிக்காயை என்னிடமா சோற்றில் மறைக்கிறீர்கள்?

இப்போது கவனமாகப் படியுங்கள். போன மாதம் வார்டில் டாக்டர்கள் ஒரு புது ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார்கள். உங்களைப் போலவே பலவீனமான இதயம், உங்களைப் போலவே மெஷின் வைத்த ஐந்நூறு பேர். பாதிப் பேருக்கு மெஷின் எழுபதில் ஓயாமல் தட்டியது. மீதிப் பேருக்கு நாற்பதில் வைத்துவிட்டார்கள். அதாவது இதயம் நாற்பதுக்குக் கீழே போனால்தான் மெஷின் தட்டும், இல்லாவிட்டால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எழுபதுக்காரர்கள்தான் நன்றாக இருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் இறந்தவர்களும் எழுபதில்தான் அதிகம்.

காரணம் இதுவாக இருக்கலாம் என்கிறார்கள். ஒயர் இதயத்தின் வலது பக்கத்தில் நிற்கிறது. மெஷின் தட்டினால் வலது பக்கம் முதலில் சுருங்கும், இடது பக்கம் தாமதமாகச் சுருங்கும். இரண்டும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. நல்ல இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். நொந்துபோன இதயம் மேலும் நொந்துபோகும்.

கட்டுரையின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். டாக்டர் வெங்கடசாமியிடம் கொடுங்கள், மூச்சு வாங்குவதை மறைக்காமல் சொல்லுங்கள். ஷாக் கொடுக்கிற வேலை அப்படியே இருக்கட்டும். எழுபதை மட்டும் இறக்கலாமா என்று கேளுங்கள்.

உங்கள் உயிர் எனக்கு வேண்டும் அண்ணா.

ஜோவி


லிங்கராஜபுரம்
30 மார்ச் 2003

ஜோவிதாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

எழுபது எப்படி வந்தது என்று கேட்டாய் அல்லவா? நான் கேட்டு வாங்கினேன். செக்கப்பில் ஐம்பத்திரண்டு இருந்தால் போதும் என்றுதான் டாக்டர் இருந்தார். "சார், என் தங்கச்சி ஃபாரின்ல ஹார்ட் வார்டு சிஸ்டரு. எழுவது இருந்தாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். எழுவது வெச்சுக் குடுங்க" என்று நான்தான் கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு, அதிலும் நல்லது உண்டு, உங்கள் மாத்திரையைக் கூட்டவும் வசதி என்று சம்மதித்தார். உன் அண்ணன் உனக்கு வேறு என்ன அனுப்ப முடியும்? ஒரு நம்பர் அனுப்பினேன். ஒவ்வொரு கடிதத்திலும் தவறாமல் அனுப்பினேன்.

இப்போது அதுவும் தப்பு என்கிறாய். கோயில் வாசலில் என்னை எழுபது ஆம்ப்ரோஸ் என்கிறார்கள். இறக்கச் சொல்லாதே.

ஆம்ப்ரோஸ்


டப்ளின்
13 ஏப்ரல் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று குருத்து ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

எழுபது என்று சொன்னது நான்தான். டீ குடிக்கிற நேரத்தில் வார்டில் பேசுகிற பேச்சு அது. யோசிக்காமல் எழுதினேன். நீங்கள் அதை வேதவாக்காக எடுத்து நெஞ்சுக்குள் வைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டில் தங்கச்சி ஒன்று கேட்டு அண்ணன் இல்லை என்று சொன்ன சரித்திரம் உண்டா? தப்பு என்னுடையது. உங்களுடையது இல்லை, டாக்டருடையதும் இல்லை. போன வருஷம்வரை எங்கள் வார்டிலும் அப்படித்தான் நினைத்தோம்.

86 ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? கோட்டுக்கு வெளியே அண்ணியோடு உட்கார்ந்திருந்தேன். ஓஸ்வால்ட் பந்தோடு போகும்போது எதிர் டீம்காரன் காலைத் தட்டிவிட்டான். ஓஸ்வால்ட் தடுமாறி, விழப் போய், எழுந்து ஓடினான். ஜனம் முழுக்க "ஃபௌல், ஃபௌல்" என்று கத்தியது. நீங்கள் விசிலை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டீர்கள். அவன் ஓடிப்போய் கோல் போட்டான். வீட்டுக்கு வந்ததும் ஏன் ஊதவில்லை என்று கேட்டேன். "வுழுந்தவன் அவனே எழுந்து ஓடறான். நான் எதுக்கு ஊதணும்?" என்றீர்கள்.

அண்ணா, உங்கள் நெஞ்சில் இருக்கிற ரெஃப்ரி நிமிடத்துக்கு எழுபது முறை விசில் ஊதிக்கொண்டிருக்கிறான். ஆட்டக்காரன் எப்படி ஆடுவான்? அவனைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

எனக்கு எழுபது வேண்டாம். அண்ணன் வேண்டும்.

ஜோவி


லிங்கராஜபுரம்
8 ஜூன் 2003

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி ஜோவிக்கு, ஆண்டவர் கிருபையில் இருக்கிறோம். இந்த முறை பொய் இல்லாமல் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

உயிர்ப்புத் திருநாள் முடிந்த கையோடு டாக்டரிடம் போனேன். மூச்சு, கால் வீக்கம், ஈஸிசேர் எல்லாம் சொன்னேன். நான் விட்டதைப் பிரிஜெட் சொன்னாள். டாக்டர் கட்டுரையைப் பார்த்ததும், "இதை நானும் போன மாசம்தான் படிச்சேன். என் பேஷண்ட்ஸ் லிஸ்ட் எடுத்துக்கிட்டு இருக்கேன். உங்க சிஸ்டர் முந்திக்கிட்டாங்க" என்றார். எனக்கு அங்கேயே நெஞ்சு விரிந்துவிட்டது. உன்னைப் பற்றி அவர் சொன்னதை ரெமிஜியஸிடம் நாலு முறை சொல்லியாயிற்று.

தருண் சோப்பு டப்பாவை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அங்கிள், நூறு துடிப்புல தொண்ணூத்தாறு மெஷின் அடிச்சது. உங்க ஹார்ட் தானா அடிச்சது நாலுதான்." ஜோவி, அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது மாதமாக நான் ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்த எழுபது என்னுடையதே இல்லை.

டாக்டர் தருணிடம் கன்னடத்தில், "நலவத்தக்கே இளிசு" என்றார். நாற்பதுக்கு இறக்கு என்று. திரையில் அறுபத்தெட்டு, அறுபத்தொன்று என்று நம்பர் இறங்க இறங்க பிரிஜெட் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். என் இதயம் ஒன்பது மாதமாக வேலை செய்யாத சோம்பேறி ஆயிற்றே, எழுந்து ஓடுமா என்று. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. ஐம்பத்து நான்கில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. மெஷின் நாற்பதில் காத்துக்கொண்டிருந்தது, அதற்கு வேலையே வரவில்லை. "பாருங்க அங்கிள், இது உங்களுது" என்றான் தருண்.

நீர் இறங்க மாத்திரையும் கொடுத்திருக்கிறார். ஆறு வாரத்தில் கால் வீக்கம் பாதி போயிற்று. மூச்சு இன்னும் முழுதாக வரவில்லை. இனி ஏமாற்ற மாட்டேன். ஆனால் ஒன்று, போனுக்கு மட்டும் இப்போது கூப்பிடாதே. நடுவில் மூச்சு வாங்காமல் உன்னைக் கேலி செய்ய முடிகிறவரை நான் எடுக்க மாட்டேன். இது என் வீம்பு.

ஆம்ப்ரோஸ்
நாடி 54


டப்ளின்
29 ஜூன் 2003

அன்புள்ள அண்ணனுக்கு, சுகம். இப்போதுதான் நிஜமாகவே சுகம்.

ஐம்பத்து நான்கு என்று படித்துவிட்டு நின்றபடியே டீ குடித்தேன். நன்றாக இறங்கியது. மாத்திரை ஒரு வேளைகூட விடாதீர்கள், உப்பைக் குறையுங்கள். வீம்பு உங்கள் பிறவிக் குணம், அதை எந்த டாக்டராலும் இறக்க முடியாது. நான் காத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு மட்டும் பேசிக்கொள்கிறேன்.

ஜோவி


லிங்கராஜபுரம்
16 நவம்பர் 2003

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி ஜோவிதாவுக்கு, நானும் பிரிஜெட்டும் பரம சௌக்கியம். கட்டிலில், ஒரே தலையணையில் படுக்கிறேன் என்று அவள் எழுதச் சொன்னாள்.

போன வாரம் செக்கப். டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்தார். இதயம் பழைய ஃபுல்பேக் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் போன வருஷத்தைவிட நன்றாகச் சுருங்குகிறதாம். நூறு துடிப்பில் மெஷின் அடித்தது ஒன்றுகூட இல்லை என்றான் தருண். ஷாக்கும் இதுவரை ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை. உள்ளே விசிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான். நல்ல ரெஃப்ரி. என் கையில் பழகியவன் இல்லையா!

நேற்று கோப்பை ஃபைனல். கிக்-ஆஃப் விசிலை நான்தான் ஊத வேண்டும் என்று ரெமிஜியஸ் கையில் திணித்தான். பந்தலிலிருந்து நடு வட்டம்வரை நடந்துபோய் ஊதிவிட்டு, நடந்து திரும்பினேன். ஆட்டம் முழுக்க ஓட ஆசைதான், டாக்டர் கூடாது என்றுவிட்டார். கேட்டுக்கொண்டேன். பார், திருந்திவிட்டேன். பழைய பூட்ஸ்தான் போட்டிருந்தேன். சுருங்கவில்லை.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. இன்று காலை எட்டு மணிப் பூசைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். ஏதோ யோசனை. பின்னால் கிளெமென்ட் கடைக்குள்ளிருந்து ஓடிவந்து, "இன்னா ஆம்ப்ரோஸு, கோவமா? நிக்காமப் போறே?" என்று கத்துகிறான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அவன் கடையைத் தாண்டி கோயில் கேட்டுக்கே வந்துவிட்டேன். நிற்க ஞாபகமே வரவில்லை, ஜோவி. நடு ரோட்டில் நின்று சிரித்தேன். "கோவம் இல்லடா, எனக்கு இப்போ உன் கதை வேணாம்" என்றேன். பாவம், ஒரு வருஷமாக அவனுடைய மாமியார் கதையை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் நான்.

இப்போதும் என்னை எழுபது என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்திக்கொண்டிருக்கிறேன். என் தங்கச்சி கடல் தாண்டி இருந்துகொண்டு, நாலு பொய்க் கடிதத்தைப் படித்து என் நோயைக் கண்டுபிடித்தவள் என்று அதோடு சேர்த்துச் சொல்கிறேன். ஐம்பத்து நான்கு ஆம்ப்ரோஸ் என்று ஒருவனும் இன்னும் சொல்லவில்லை. பரவாயில்லை.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அடுத்த ஞாயிறு போன் செய். பிரிஜெட்டைத் தொடவிட மாட்டேன், நானே எடுப்பேன்.

உன் அண்ணன்
ஆம்ப்ரோஸ்
நாடி 54. என்னுடையது.